பனியுடைப்புக் கப்பல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கப்பலில் எஞ்ஜினியராக இருந்து கரைக்கு வந்தவன் நான். இப்போது மரைன் படிக்கும் பிள்ளைகளுக்கு அவ்வப்போது வகுப்பு எடுக்கிறேன். ஐஸ்பிரேக்கர் என்று பேச்செடுத்தால் போதும், வகுப்பிலும் சரி, கல்யாணப் பந்தியிலும் சரி, அதே கேள்விகள் வரும். ஒவ்வொரு முறையும் தொண்டைத் தண்ணி வற்றப் பேசுவதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

ஐஸ்பிரேக்கர்னா முன்னாடி கத்தி மாதிரி இருக்கும், பனியை அறுத்துக்கிட்டே போகும். அப்படித்தானே சார்?

அப்படி இல்லை. கத்தி மாதிரி நிமிர்ந்த முனை தடித்த பனியில் மோதினால் சிக்கிக்கொள்ளும். பனியுடைப்புக் கப்பலின் முன்பக்கம் அகப்பையின் அடிப்பாகம் போலச் சாய்ந்து வளைந்திருக்கும். எஞ்ஜின் தள்ளத் தள்ளக் கப்பல் பனியின் மேல் ஏறும். ஏறிய கப்பலின் எடையே பனியை வளைத்து முறித்துவிடும். பொரித்த அப்பளத்தை ஓரத்தில் பிடித்து லேசாக வளைத்தால் பட்டென்று உடைகிறது அல்லவா, அதே கதைதான். பனி நசுக்குதலை ஓரளவு தாங்கும், வளைத்தலைத் தாங்காது.

1864இல் ரஷ்யாவின் குரோன்ஷ்டாட் துறைமுகத்தில் பிரிட்னேவ் என்ற வணிகர் தன் சின்ன நீராவிப் படகான 'பைலட்'டின் முன்பக்கத்தைச் சாய்வாக வெட்டி இதைச் செய்து பார்த்தார். 1890களின் கடைசியில் ரஷ்யக் கடற்படைத் தளபதி மகாரோவ் சொன்னபடி இங்கிலாந்தின் நியூகாசிலில் 'யெர்மாக்' கட்டப்பட்டது. துருவக் கடலில் நுழையக் கட்டிய முதல் பெரிய பனியுடைப்புக் கப்பல் என்று அதைச் சொல்வார்கள். ரஷ்யாவின் முதல் பெருமையே வெளிநாட்டு யார்டில் (கப்பல் கட்டும் தளத்தில்) பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழைய சரக்குக் கப்பலோட முன்பக்கத்துல தடிமனா தகடு அடிச்சுட்டா வேலை முடிஞ்சுதே?

தகட்டைவிட அதற்குப் பின்னால் நிற்கும் ஃபிரேம்கள் முக்கியம். விலா எலும்பு மாதிரி அவற்றை நெருக்கி நெருக்கி வைக்க வேண்டும். எஃகும் சாதாரண எஃகாக இருக்கக் கூடாது, கடுங்குளிரில் நொறுங்கிவிடும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் துறையில் கட்டி நின்ற இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. பனியில் மோதவில்லை, புயலும் இல்லை. குளிரில் எஃகும் வெல்டிங்கும் கைவிட்டன.

அப்புறம் யாரும் யோசிக்காத இடங்கள் இருக்கின்றன. ஒரு பிப்ரவரியில் ஃபின்லாந்தின் கோட்காவுக்குப் போன சரக்குக் கப்பலில் நான் இருந்தேன். முன்னால் ஐஸ்பிரேக்கர் வழி வெட்டிப் போனது, நாங்கள் அதன் பின்னால். உடைந்து கூழான பனி, கடல்நீர் உறிஞ்சும் சீ செஸ்ட்டை அடைத்துக்கொண்டது. எஞ்ஜினைக் குளிர்விக்கும் நீர் நின்றுபோனது. வெளியே மைனஸ் 20, உள்ளே மெயின் எஞ்ஜின் சூட்டில் அலறுகிறது! எஞ்ஜினிலிருந்து வெளியேறும் சுடுநீரைத் திருப்பிவிட்டு அடைப்பை உருக்கும் குழாய் அந்தக் கப்பலில் இருந்தது, ஆனால் வால்வு துருப்பிடித்துத் திறக்கவில்லை. சம்மட்டியால் தட்டித் திறந்தோம். புரொப்பல்லர், சுக்கான், குழாய், வால்வு என்று எல்லாவற்றையும் பனியை நினைத்து வடிவமைக்க வேண்டும்.

எங்க கப்பல் சர்டிஃபிகேட்ல 'ஐஸ் கிளாஸ்'னு போட்டிருக்கே. அப்ப அதுவும் ஐஸ்பிரேக்கர்தானே அண்ணா?

இல்லை தம்பி. ஐஸ் கிளாஸ் என்றால் பனி உள்ள நீரில் அடிவாங்கினால் தாங்கும் என்று பொருள். பால்டிக் கடலில் 1ஏ சூப்பர், 1ஏ, 1பி, 1சி என்று வரிசை. துருவக் கடல்களுக்கு பிசி (போலார் கிளாஸ்) 1 முதல் பிசி 7 வரை, எண் குறையக் குறைய வலு கூடும். ஐஸ்பிரேக்கர் என்பது தொழில். அடுத்தவனுக்கு வழி வெட்டுவது, சிக்கியவனைச் சுற்றிவந்து விடுவிப்பது, தேவைப்பட்டால் தன் பின்பக்கப் பள்ளத்தில் அவன் மூக்கைப் பொருத்தி இழுத்துப் போவது.

யூடியூப்ல பார்த்தேன், பனியில ராஜா மாதிரி போற கப்பல் திறந்த கடல்ல குடிகாரன் மாதிரி ஆடுது. டிசைன் தப்பா?

தப்பில்லை, கொடுத்த விலை. பனிக்குள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டால் நழுவி மேலே வர வேண்டும் என்பதற்காக உடலை உருண்டையாக வைக்கிறார்கள். சாதாரணக் கப்பலில் ஆட்டத்தைக் குறைக்க அடிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளைப் பனி பிய்த்துவிடும் என்பதால் அவையும் இருக்காது. உருண்டை வயிறு, பிடிமானம் இல்லை. ஆடாமல் என்ன செய்யும்?

இந்தத் தொழிலில் எல்லாமே இப்படிப் பேரம்தான். பனிக்கு நல்ல முன்பக்கம் அலைக்கு மோசம். பால்டிக்கைத் தாண்டாத கப்பலுக்கு இது பெரிய தொந்தரவில்லை. அமெரிக்காவின் 'போலார் ஸ்டார்' சியாட்டிலில் கிளம்பி, வெப்பமண்டலத்தைக் கடந்து, உலகின் மிக முரட்டுக் கடல்களில் ஒன்றையும் தாண்டி அண்டார்டிகாவின் மக்முர்டோ நிலையத்துக்குப் போக வேண்டும். அதில் போகும் மாலுமிகளுக்கு வயிறு இரும்பாக இருக்க வேண்டும்.

பின்பக்கமா போய் பனியை உடைக்கிற கப்பல் இருக்குன்னு சொன்னா வீட்ல சிரிக்கிறாங்க. நிஜமா சார்?

நிஜம். வீட்டில் சிரிப்பவர்களிடம் இதைக் காட்டுங்கள். புரொப்பல்லரை மோட்டாரோடு சேர்த்துக் கப்பலுக்கு அடியில் தொங்கும் ஒரு கூட்டில் வைத்து, கூட்டையே 360 பாகையும் திருப்ப முடிந்தால் சுக்கான் தேவையில்லை. 1990 வாக்கில் ஃபின்லாந்தில் 'செய்லி' என்ற சிறு கப்பலில் இதைப் பொருத்தினார்கள். இன்று அசிபாட் என்று உலகம் முழுக்கப் பெயர். பின்னோக்கிப் போகும்போது புரொப்பல்லர் பனிக்கு அடியில் நீரை உறிஞ்சிவிடுவதால் பனி தாங்கலை இழக்கிறது, உடைந்த துண்டுகளும் கழுவப்பட்டு உரசல் குறைகிறது. சில இடங்களில் பனிமேட்டைப் புரொப்பல்லரே அரைத்தும் தள்ளிவிடும்.

அப்படியானால் முன்பக்கத்தைத் திறந்த கடலுக்கும் பின்பக்கத்தைப் பனிக்கும் என்று தனித்தனியாக வடிவமைக்கலாம். முந்தைய கேள்வியில் சொன்ன பேரத்துக்கு இது ஒரு புத்திசாலித்தனமான தீர்வு. 2002, 2003இல் ஜப்பானின் சுமிதோமோ யார்டில் ஃபின்லாந்துக்காகக் கட்டிய 'டெம்பெரா', 'மஸ்டெரா' என்ற எண்ணெய்க் கப்பல்கள் இந்த வகையில் முதலாவதாக வந்தவை. அடுத்து 'பால்டிகா' என்ற விநோதமும் வந்தது. உடலின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து அகலமான வழி வெட்டும்.

இப்ப எல்லாமே கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணிடலாமே, அனுபவம் எதுக்கு?

தண்ணீரின் நடத்தையைக் கணினி நன்றாகச் சொல்லும். பனியின் நடத்தை அப்படியில்லை. புதுப்பனியில் உப்பு இருக்கும், கொஞ்சம் மெத்து. ஒன்றிரண்டு கோடைகளைத் தாண்டிய பழம்பனியில் உப்பு வடிந்து பாறையாகியிருக்கும். மேலே ஈரப் பனித்தூள் கிடந்தால் பசை மாதிரி கப்பலைப் பிடிக்கும். அதனால் இன்றும் குளிரூட்டிய கூடத்தில் தொட்டி கட்டி, அதில் பனி வளர்த்து, மாதிரிக் கப்பலை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு சுவையான சிக்கல் உண்டு. மாதிரிக் கப்பல் நிஜத்தில் 25இல் ஒரு பங்கு என்றால், பனியின் தடிமன் மட்டுமல்ல, அதன் வலிமையும் 25இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் உறைந்த ஐஸ் உதவாது. ஏதாவது கலந்த தண்ணீரை உறைய வைத்துச் சொன்னபடி பலவீனமான பனியை வளர்ப்பதே ஒரு கைப்பக்குவம், தோசை மாவு புளிக்க வைப்பது போல. ஹெல்சிங்கியில் பனிக் கப்பல் வடிவமைக்கும் ஏக்கர் ஆர்க்டிக் நிறுவனத்தின் தொட்டி 75 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அதன் மூதாதை 1969இல் வந்தது. 'மன்ஹாட்டன்' என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பலை வடமேற்குக் கடல்வழியில் அனுப்பிப் பார்த்த காலம் அது. இத்தனை வருஷத் தொட்டிக் கணக்கும், கட்டிய கப்பல்கள் கடலில் நிஜமாக எப்படி ஓடின என்ற கணக்கும் ஒரே ஊரில் சேர்ந்து கிடக்கின்றன. விலைக்கு வாங்க முடியாத சொத்து அதுதான்.

ஃபின்லாந்து மாதிரி குட்டி நாடு எப்படி இதுல பெரிய ஆள் ஆச்சு?

கடுமையான குளிர்காலத்தில் தன் எல்லாத் துறைமுகங்களும் உறையக்கூடிய நாடு அது. ஏற்றுமதி இறக்குமதியில் பெரும்பகுதி கடல்வழிதான். வழி வெட்டாவிட்டால் கடையில் சாமான் இருக்காது. அவர்களுக்கு ஐஸ்பிரேக்கர் நமக்குத் தார் ரோடு மாதிரி.

அடுத்தது வரலாறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்துக்குப் போர் ஈட்டுத்தொகை கட்ட வேண்டி வந்தது. அதில் நிறையக் கப்பலாகவே போயிற்று. 1952இல் கடன் முடிந்தது, வாடிக்கையாளர் போகவில்லை. அதன்பின் பல பத்தாண்டுகள் சோவியத் ஐஸ்பிரேக்கர்களை ஹெல்சிங்கி யார்டு அடுத்தடுத்துக் கட்டியது. 'தைமிர்', 'வைகாச்' என்ற அணுசக்திக் கப்பல்களின் உடல்கூட அங்கே கட்டியதுதான், அணு உலை மட்டும் லெனின்கிராடில் ஏறியது. உலகின் ஐஸ்பிரேக்கர்களில் சுமார் 60 சதவீதம் தங்கள் யார்டுகளில் கட்டியவை, 80 சதவீதம் தாங்கள் வடிவமைத்தவை என்று ஃபின்லாந்துக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த ஹெல்சிங்கி யார்டு 1865இல் தொடங்கியது. வார்ட்சிலா, மாசா, க்வார்னர், ஏக்கர், எஸ்.டி.எக்ஸ்., ரஷ்யக் கைகள் என்று மாறி, 2023இல் கனடாவின் டேவி வாங்கிவிட்டது. பெயர்ப்பலகை இத்தனை முறை மாறியும் உள்ளே வெல்டிங் பிடிப்பவனும் வரைபடம் போடுபவனும் அதே ஊர்க்காரர்கள். தேசியக் கப்பல் கட்டுமானம் என்று நான் எதைச் சொல்வேன் என்று கேட்டால், இந்தத் தொடர்ச்சியைத்தான் சொல்வேன்.

ரஷ்யா மட்டும் ஏன் அணுசக்தி ஐஸ்பிரேக்கர் வெச்சிருக்கு? மத்தவங்களுக்குத் தெரியாதா?

தெரியாமல் இல்லை, அவ்வளவு நீளமான உறைகடல் கரை வேறு யாருக்கும் கிடையாது. டீசல் கப்பல் வாரக்கணக்கில் தடித்த பனியில் முட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய் தீர்ந்துவிடும், நடுவழியில் பங்க் இல்லை. அணு உலைக்குப் பல வருஷத்துக்கு ஒருமுறைதான் எரிபொருள். 'லெனின்' 1959இல் வந்தது, அணுசக்தியில் ஓடிய உலகின் முதல் ஐஸ்பிரேக்கர் அதுதான். 1977 ஆகஸ்ட் 17 அன்று 'ஆர்க்டிகா' வட துருவத்தையே தொட்டது, கடல்மேல் ஓடும் கப்பலில் அதுதான் முதல்.

இப்போதைய வரிசை 22220 திட்டக் கப்பல்கள். 173 மீட்டர் நீளம், 34 மீட்டர் அகலம், இரண்டு அணு உலை, புரொப்பல்லரில் 60 மெகாவாட், கிட்டத்தட்ட 3 மீட்டர் பனியை உடைக்கும். நீரில் அமிழும் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் ஆழ்கடலுக்கும் சைபீரிய ஆற்று முகத்துவாரத்துக்கும் ஒரே கப்பல். புதிய 'ஆர்க்டிகா' 2020இல் பணியில் சேர்ந்தது, அதுவும் ஓட்டப் பரிசோதனையில் ஒரு மோட்டார் பழுதான நிலையிலேயே. முதல் கப்பலுக்கு எந்த நாட்டிலும் இப்படி ஏதாவது நடக்கும். அடுத்தடுத்து 'சிபிர்', 'உரால்', 'யாகுத்தியா' என்று ஒரே யார்டில் ஒரே வரைபடத்தில் வந்தன. அதைவிட இரு மடங்கு சக்தியுள்ள 'ரஸ்ஸியா' தூரக்கிழக்கில் ஸ்வெஸ்தா யார்டில், ஒரு புதிய இடத்தில், இழுத்துக்கொண்டிருக்கிறது. பழகிய கைக்கும் பழகாத கைக்கும் உள்ள வித்தியாசம் ஒரே நாட்டுக்குள்ளேயே தெரிகிறது.

அமெரிக்காகிட்ட பணம் இல்லையா? விமானந்தாங்கி கட்டுற நாடு ஒரு ஐஸ்பிரேக்கருக்கு ஏன் இப்படித் திணறுது?

இது நான் மிகவும் ரசிக்கும் கேள்வி. 'போலார் ஸ்டார்' 1976இல் பணியில் சேர்ந்தது. கனரக ஐஸ்பிரேக்கர் என்று சொல்லத்தக்கது அமெரிக்காவிடம் இன்று அது ஒன்றுதான். அதன் தங்கை 'போலார் சீ' 2010இல் எஞ்ஜின் போய்ப் படுத்தது. அதிலிருந்து பாகங்களைக் கழற்றித்தான் அக்காவை ஓட்டுகிறார்கள். நம்மூர் மெக்கானிக் பழைய அம்பாசிடரை வைத்து இன்னொரு அம்பாசிடரை ஓட்டுவது போல.

2019 ஏப்ரலில் மிசிசிப்பி மாநில யார்டு ஒன்றுக்குப் புதுக்கப்பல் ஒப்பந்தம், சுமார் 74.6 கோடி டாலர், 2024இல் தருவதாகப் பேச்சு. ஜெர்மனியில் காகிதத்தில் மட்டும் இருந்த ஒரு வரைபடத்தை அடிப்படையாக எடுத்தார்கள், கடலில் ஓடிப் பார்த்த வரைபடம் இல்லை. அதைத் தங்கள் தேவைக்கு மாற்ற மாற்ற, முழுக்கவே புது வடிவமைப்பு ஆகிவிட்டது. வடிவமைப்பு முதிரவில்லை என்று அவர்களின் அரசுத் தணிக்கை அமைப்பே திரும்பத் திரும்ப எழுதியது. 2022இல் யார்டு கைமாறியது. கட்டத் தொடங்க அனுமதி 2024 டிசம்பரில்தான் கிடைத்தது. இப்போது 2030 என்கிறார்கள். மூன்று கப்பலுக்கு 510 கோடி டாலர் ஆகும் என்று 2024இல் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது.

பணம் பிரச்சினையே இல்லை. 1970களில் அப்படியொரு கப்பலைக் கட்டியவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். தடித்த சிறப்பு எஃகை வளைத்து வெல்டு செய்யும் கை, நெருக்கமான ஃபிரேம்களுக்கு நடுவே நுழைந்து வேலை செய்யும் பழக்கம், பிழை எங்கே வரும் என்ற முன்யோசனை எதையும் யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகவில்லை, வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபின்லாந்தின் 'போலாரிஸ்' 2014இல் ஒப்பந்தம், 2016இல் கையில், சுமார் 12.8 கோடி யூரோ. எல்.என்.ஜி.யில், அதாவது திரவமாக்கிய இயற்கை எரிவாயுவில், ஓடும் முதல் ஐஸ்பிரேக்கர் வேறு. நியாயமாகச் சொன்னால் அது பால்டிக் கப்பல், சின்னது, துருவக் கப்பலோடு விலையை நேராக ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டரை வருஷம் என்பது யோசிக்க வைக்கும்.

கனடா பனி நாடுதானே, அவங்களாவது ஒழுங்கா கட்டினாங்களா?

2008இல் 72 கோடி கனடா டாலரில் ஒரு பெரிய துருவக் கப்பல், 2017இல் தயார் என்று அறிவித்தார்கள். 2025 மார்ச்சில்தான் கட்டும் ஒப்பந்தம் ஆனது. இப்போது இரண்டு கப்பல், வான்கூவரில் ஒன்று 315 கோடி, கியூபெக்கின் டேவியிடம் இன்னொன்று 325 கோடி. டேவி தன் கப்பலின் உடலை எங்கே கட்டுகிறது தெரியுமா? ஹெல்சிங்கியில். மேலே சொன்னேனே, அந்த யார்டை வாங்கியது சும்மா இல்லை.

அப்ப பேசாம ஃபின்லாந்துலயே வாங்கிட்டுப் போகலாமே. 'நம்ம நாட்டுலதான் கட்டணும்'னு ஏன் பிடிவாதம்?

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை. வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் கப்பல்கள் வெளிநாட்டில் வாங்கி வந்தவைதான். அதனால் சுதேசி குறைந்துவிடவில்லை. அன்றைக்குத் தேவை, நம் சரக்கும் நம் ஆட்களும் நம் கப்பலில் போவது. கட்டுவதற்குக் காத்திருந்தால் கப்பலே ஓடியிருக்காது.

ஆனால் வாங்கிய கப்பலைப் பழுதுபார்க்க, பாகம் மாற்ற, சண்டை வந்தால் கையேந்தாமல் இருக்க, உள்ளூரில் ஏதோ ஒரு திறமை வேண்டும். அமெரிக்காவில் கடலோரக் காவல் படைக் கப்பலை வெளிநாட்டு யார்டில் கட்டக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது, தேசப் பாதுகாப்பு கருதி அதிபர் விலக்குத் தரலாம். 2024 ஜூலையில் அமெரிக்கா, கனடா, ஃபின்லாந்து மூன்றும் ஐஸ்பிரேக்கர் கட்டுவதற்காக 'ஐஸ் பேக்ட்' என்று கூட்டு அறிவித்தன. 2025 அக்டோபரில் அமெரிக்காவும் ஃபின்லாந்தும் செய்த உடன்பாட்டின்படி, நடுத்தர ஐஸ்பிரேக்கர்களில் 4 வரை ஃபின்லாந்திலும், அங்கே கற்றதை வைத்து மற்றவை அமெரிக்காவிலும் கட்டப்படும். யெர்மாக் காலத்தில் ரஷ்யா செய்ததும் ஏறக்குறைய இதுதான். முதல் கப்பலை வெளியே கட்டு, கூடவே உன் ஆட்களை அனுப்பு. இனி வரும் காலத்தில் பெரும்பாலான நாடுகள் இந்த வழிக்குத்தான் வரும் என்பது என் கணிப்பு.

பெரிய நாடுங்க கதை சரி. சின்ன நாட்டால சொந்தமா ஒண்ணு கட்ட முடியுமா?

சிலி கட்டியிருக்கிறது. தல்கவானோவில் உள்ள அரசு யார்டான அஸ்மார், கனடாவிலிருந்து வடிவமைப்பு வாங்கி, 111 மீட்டர் நீள 'அல்மிராந்தே வியல்' கப்பலை 2024இல் கடற்படையிடம் கொடுத்தது. பிசி 5 வகுப்பு, சுமார் 1 மீட்டர் பனி. தேவைக்கு மேல் ஆசைப்படவில்லை. அதுதான் புத்திசாலித்தனம்.

ஆஸ்திரேலியா தன் 'நுயினா'வை ருமேனியாவில் கட்டி 2021இல் கொண்டுவந்தது. அருமையான கப்பல். ஆனால் ஹோபார்ட்டில் எண்ணெய் நிரப்பும் இடம் டாஸ்மன் பாலத்துக்கு அந்தப்பக்கம். பாலத்தின் கீழே போக அனுமதி கிடைக்காமல், தீவின் மறுகோடியில் உள்ள பர்னிக்குப் போய் நிரப்ப வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்கு வாங்கிய கட்டில் வாசல்படியில் நுழையாத கதை.

உலகமே சூடாகுது, பனி உருகுது. இனிமே ஐஸ்பிரேக்கர் எதுக்கு அங்கிள்?

உருகுவதால்தான் தேவை கூடுகிறது. முன்பு யாரும் போகாத வழியில் இப்போது கப்பல் போகிறது. கோடையில் திறந்திருக்கும் கடல் இலையுதிர் காலத்தில் எந்த நாளில் மூடும் என்று சொல்ல முடியாது. 2021 நவம்பரில் ரஷ்யாவின் வடக்குக் கரையோரக் கடல்வழியில் பனி எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே உறைந்து, இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் சிக்கின. அணுசக்தி ஐஸ்பிரேக்கர்கள் போய்த்தான் மீட்டன. மெலிந்த பனி காற்றுக்கு எளிதில் நகரும். நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடாகும். சீரான 2 மீட்டர் பனியைவிட அப்படிக் குவிந்த மேடு கப்பலுக்கு மோசம்.

சரக்குக் கப்பலே பனியை உடைச்சுட்டுப் போனா, ஐஸ்பிரேக்கருக்கு வேலை போயிடாதா?

ஓரளவு போகும். ரஷ்யாவின் யமால் எரிவாயுவுக்காகக் கொரியாவின் டேவூ யார்டு 15 கப்பல்கள் கட்டியது. பின்னோக்கி உடைக்கும் உத்தி (மேலே ஐந்தாம் கேள்வி), மூன்று அசிபாட், மொத்தம் 45 மெகாவாட். 2017 ஆகஸ்டில் முதல் கப்பல் 'கிறிஸ்டோஃப் டி மார்ஜரி' துணைக்கு ஐஸ்பிரேக்கர் இல்லாமலேயே நார்வேயிலிருந்து கொரியா போய்ச் சேர்ந்தது. ஆனால் அது கோடை. அந்த வழியின் கிழக்குப் பகுதியில் நடுக்குளிர்காலம் என்றால் இன்னும் முன்னால் ஆள் வேண்டும்.

இந்தியாவுக்கு அண்டார்டிகாவுல ரெண்டு நிலையம் இருக்கு. சொந்தக் கப்பல் ஏன் இல்லை?

மைத்ரி 1989, பாரதி 2012. 1981இல் முதல் பயணமே 'போலார் சர்க்கிள்' என்ற நார்வேக் கப்பலில்தான். அண்மை ஆண்டுகளில் பலமுறை 'வசிலி கலோவ்னின்' என்ற ரஷ்யக் கப்பலை வாடகைக்கு எடுத்துச் சாமான் அனுப்பியிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் வருஷத்தில் சில மாத வேலைக்கு வாடகை மலிவு. ஆனால் ஆராய்ச்சிக்கு அது சரிவராது. வாடகைக் கப்பலின் அட்டவணை நம் விஞ்ஞானியின் அட்டவணை இல்லை.

2014இல் சுமார் 1,050 கோடி ரூபாயில் துருவ ஆராய்ச்சிக் கப்பல் வாங்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஒப்பந்தப்புள்ளி முறிந்து அது நின்றுபோனது. 2025 ஜூனில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் யார்டு, நார்வேயின் காங்ஸ்பெர்க்குடன் இந்தக் கப்பலுக்காகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. புரிந்துணர்வு என்பது நிச்சயதார்த்தம் மாதிரி, தாலி கட்டும்வரை பொறுத்திருந்து பார்ப்போம்.

நம்ம ஊர் யார்டுல இதெல்லாம் கட்ட முடியுமா சார், உண்மையைச் சொல்லுங்க.

முடியும், முதல் கப்பல் தாமதமாகும் என்பதை ஒப்புக்கொண்டால். 'விக்ராந்த்' விமானந்தாங்கியைக் கட்டும்போது வெளியிலிருந்து வர வேண்டிய எஃகு வராமல், டி.எம்.ஆர். 249ஏ என்ற எஃகை இங்கேயே உருவாக்கி, அரசு எஃகு நிறுவனமான செயில் உருட்டித் தந்தது. எஃகு செய்யத் தெரிந்த நாடுதான் நாம். நம்மிடம் இல்லாதது பனித்தொட்டியும், பனியில் ஓட்டிப் பார்த்த அனுபவமும். அதைக் கூட்டாளியிடம் வாங்கலாம், வெட்கப்பட வேண்டாம். சீனாவும் அதைத்தான் செய்தது. பழைய 'சுவேலோங்' உக்ரைனில் வாங்கியது. 2019இல் வந்த 'சுவேலோங் 2' ஏக்கர் ஆர்க்டிக்கின் வடிவமைப்பு, கட்டியது ஷாங்காய். அதற்குப் பின் 'ஜிடி'யும் இன்னொன்றும் சட்டென்று வந்துவிட்டன.

எனக்கு உள்ள பயம் வேறு. ஒன்றே ஒன்றைக் கட்டி, நாடா வெட்டி, போட்டோ எடுத்து, அடுத்ததற்கு 30 வருஷம் விட்டுவிடுவோம். அமெரிக்கா பற்றிய பதிலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

தூத்துக்குடியில பெரிய யார்டு வருதாமே, அங்க ஐஸ்பிரேக்கர் கட்டுவாங்களா?

2025 செப்டம்பரில் கப்பல் கட்டும் துறைக்கு மத்திய அமைச்சரவை 69,725 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புக்கொண்டது. அதே மாதம் கொச்சி யார்டும் மசகான் டாக்கும் தூத்துக்குடியில் யார்டு அமைக்கத் தமிழகத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன, சொல்லப்படும் முதலீடு சுமார் 30,000 கோடி. அங்கே முதலில் வர வேண்டியது சரக்குக் கப்பலும் எண்ணெய்க் கப்பலும். உலகக் கப்பல் கட்டுமானத்தில் நம் பங்கு 1 சதவீதம்கூட இல்லை, சீனா மட்டுமே பாதிக்கு மேல். சாதாரணக் கப்பலை வரிசையாகக் கட்டிப் பழகாத யார்டு ஐஸ்பிரேக்கரைத் தொட வேண்டாம்.

என் பையன் நேவல் ஆர்க்கிடெக்சர் எடுக்கணும்கிறான். பனிக் கப்பல் டிசைன்தான் ஆசையாம். எங்க படிக்க வைக்கலாம்?

சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது, கொச்சி குசாட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, விசாகப்பட்டினத்தில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. பனி இயந்திரவியலை ஆழமாகப் படிக்க மேற்படிப்புக்கு ஃபின்லாந்தின் ஆல்டோ, நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் பக்கம் பார்க்கலாம். ஆனால் இளங்கலை விடுமுறையில் அவனை ஏதாவது ஒரு யார்டில் இரண்டு மாதம் விடுங்கள். இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே உடம்பைச் சுருக்கி நுழைந்து வெல்டு பிடிக்கும் ஆளோடு ஒரு ஷிஃப்ட் நிற்கட்டும். அதற்கப்புறமும் ஆசை இருந்தால் என் நம்பரைக் கொடுங்கள்.